ஊகத்துக்குப் பதிலாக ஒரு கப்பல்: ப்ளூஷரை மறுபடி வரைந்து பார்த்தபோது

1907-இல் கட்டத் தொடங்கிய ஜெர்மானியக் கவசக் குரூசர் (கவசம் பூண்ட வேகமான போர்க்கப்பல்) ப்ளூஷரின் மேல்தள வரைபடத்தை முதன்முதலில் பார்த்த நாளில் நான் செய்தது பீரங்கிகளை எண்ணியதுதான். இரண்டிரண்டு பீரங்கிகளைத் தாங்கிச் சுழலும் கவசக் கூண்டுகள் ஆறு. முன்னே ஒன்று, பின்னே ஒன்று, இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. கோடு போட்டு இணைத்தால் அறுகோணம். மொத்தம் பன்னிரண்டு பீரங்கிகள். அடுத்து, எதிரி வலப்பக்கம் வருவதாக வைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். எட்டுதான் தேறியது. இடப்பக்கத்து நான்கும் ஆளில்லாத கடலைப் பார்த்து நிற்கின்றன. எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் நான்கு பீரங்கிகள் சும்மாதான் இருக்கும்.

ஒரு போர்க்கப்பலில் எடையைவிட விலை உயர்ந்த பொருள் கிடையாது. சும்மா நிற்கும் பீரங்கிக்கும் கூண்டு, கவசம், குண்டு, சுழற்றும் பொறி, ஆள் எல்லாம் வேண்டும். இதை அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் அறியாமல் செய்திருக்க வாய்ப்பே இல்லை. பிறகு ஏன் செய்தார்கள்? இந்தக் கேள்விதான் என்னைக் கட்டம் போட்ட தாளுக்கு முன்னால் உட்கார வைத்தது. அதே எடை, அதே ஆண்டு, அன்று தெரிந்த தொழில்நுட்பம் மட்டும் என்று விதி வகுத்துக்கொண்டு, ப்ளூஷரை நான் வரைந்திருந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன்.

ஒரு சொல் விளக்கம் முதலில். ‘கனரகக் குரூசர்’ என்ற பெயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்தில் இல்லை. 1922 வாஷிங்டன் ஒப்பந்தம் குரூசர்களுக்கு 10,000 டன், 203 மி.மீ. பீரங்கி (இந்த அளவு குழலின் உள்விட்டம்) என்று உச்சவரம்பு வைத்தது. 1930 லண்டன் ஒப்பந்தம் 155 மி.மீ.க்கு மேற்பட்ட பீரங்கி உள்ளவற்றைத் தனி வகையாகப் பிரித்தது. ‘கனரகம்’ என்ற பெயர் அதற்குப் பிறகே நிலைத்தது. அதற்கு முந்தைய தலைமுறையில் அந்த வேலையைச் செய்தவை கவசக் குரூசர்கள். பெரிய போர்க்கப்பலைவிட வேகமாக ஓட வேண்டும், சிறிய குரூசர்களை விரட்ட வேண்டும், தேவைப்பட்டால் படை வரிசையிலும் நிற்க வேண்டும். இந்த மூன்றாவது வேலைதான் ஆபத்தானது.

அளவு புரிவதற்கு நமக்குத் தெரிந்த ஒரு கப்பலைச் சொல்கிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன் ஓர் இலகு குரூசர். சுமார் 3,660 டன், 10.5 செ.மீ. பீரங்கிகள். அதன் ஒரு குண்டு 17 கிலோ அளவில் இருக்கும். அந்தப் பெயரே தமிழில் வல்லாளனைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ப்ளூஷர் 15,842 டன். அதன் 21 செ.மீ. குண்டு ஒன்று 108 கிலோ.

லண்டனில் மூடிய கதவு

1905 தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் ஜாக்கி ஃபிஷர் ஒரு வடிவமைப்புக் குழுவைக் கூட்டினார். அதிலிருந்து ட்ரெட்நாட் என்ற பெரிய போர்க்கப்பல் வந்தது. அதன் பின்னாலேயே ‘இன்வின்சிபிள்’ வகையில் மூன்று பெரிய குரூசர்களும் வந்தன. 1906 பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் மூன்றின் கட்டுமானமும் தொடங்கிவிட்டது. இவற்றில் என்ன பீரங்கி வைக்கிறார்கள் என்பதை பிரிட்டன் வெளியே விடவில்லை.

பெர்லினில் ஊகம் செய்தார்கள். அந்த ஊகம் முட்டாள்தனமானதல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அப்போதைய பிரிட்டிஷ் கவசக் குரூசர்களில் இருந்த மிகப் பெரிய பீரங்கி 23.4 செ.மீ. ஆகவே புதிய கப்பலிலும் அதே பீரங்கி ஆறோ எட்டோ இருக்கும் என்று நினைத்தார்கள். அந்த எதிரிக்குப் பன்னிரண்டு 21 செ.மீ. பீரங்கிகள் நல்ல பதில்தான். ஷார்ன்ஹார்ஸ்ட், க்னைசெனாவ் ஆகிய முந்தைய ஜெர்மானியக் குரூசர்களில் எட்டே இருந்தன. அதையே வளர்த்து, ஒரே அளவுப் பெரிய பீரங்கி என்ற ட்ரெட்நாட் கொள்கையைக் குரூசருக்குக் கொண்டுவந்தது ப்ளூஷர்.

முடிவு எடுத்த ஒரு வாரத்தில் கடற்படைத் தூதரக அதிகாரி மூலம் உண்மை வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் கப்பல்களில் எட்டு 30.5 செ.மீ. பீரங்கிகள். ஒரு குண்டு 386 கிலோ. அந்தச் செய்தி ஒரு வரைபட அறைக்குள் வந்து விழுந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது. திரும்ப வரைய நேரமும் இல்லை, நிதியும் இல்லை. 1907 பிப்ரவரி 21 அன்று கீல் அரசுக் கப்பல்தளத்தில் ப்ளூஷரின் கட்டுமானம் தொடங்கியது. 1908 ஏப்ரலில் நீரில் இறக்கி, 1909 அக்டோபர் 1 அன்று பணியில் சேர்த்தார்கள். செலவு 2.85 கோடி மார்க்.

கணக்கு எளிது. குண்டின் எடை ஏறத்தாழ விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 21-லிருந்து 30.5-க்குப் போனால் விட்டம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. குண்டோ மூன்றரை மடங்காகிவிடுகிறது. ப்ளூஷர் ஒரு பக்கம் திருப்பிச் சுடும் எட்டுக் குண்டுகளின் மொத்த எடை 864 கிலோ. இன்வின்சிபிளில் ஒரு பக்கத்துக்கு ஆறு பீரங்கி தேறும் என்று வைத்தாலும் 2,316 கிலோ.

ப்ளூஷரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். உளவு தவறியது, பீரங்கி சிறியது, கப்பல் அழிந்தது. எனக்கு அது போதவில்லை. ஊகத்துக்கு வடிவமைப்பாளர் பொறுப்பல்ல. ஆனால் அந்தக் கப்பலுக்குள் அவர் தன் கையால் வரைந்த ஒரு வழி இருக்கிறது. அதற்கு அவர்தான் பொறுப்பு.

தண்டவாளம்

நடுக் கப்பலில் பதினெட்டுக் கொதிகலன்கள் இடத்தை அடைத்துக்கொண்டன. பக்கத்துக் கூண்டுகள் நான்கில் முன் இரண்டுக்கும் நேர் கீழே வெடிமருந்து அறை வைக்க இடம் கிடைக்கவில்லை. அந்த இரண்டுக்குமான மருந்தைப் பின்பக்கத்துக் கூண்டுகளின் கீழே வைத்தார்கள். அங்கிருந்து முன்னே கொண்டுவரக் கப்பலின் நீளவாக்கில் ஒரு வழி அமைத்து, அதில் மேலே தொங்கும் தண்டவாளம் போட்டார்கள்.

அந்த வழியை ஒரு நிமிடம் மனதுக்குள் வரைந்து பாருங்கள். சண்டை நடக்கிறது. முன்கூண்டுகள் விடாமல் சுடுகின்றன. அவற்றுக்குத் தீனி தீராமல் இருக்க வேண்டுமானால் தண்டவாளத்தில் மருந்துப் பொதிகள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். எந்த நேரத்திலும் முப்பது நாற்பது பொதிகள் அறைக்கு வெளியே, கதவுக்கு வெளியே, வழியில் இருக்கும். அதே பகுதியில்தான் கொதிகலனிலிருந்து வரும் முதன்மை நீராவிக் குழாயும், சுக்கானுக்கும் என்ஜின் அறைக்கும் கட்டளை கொண்டுபோகும் இணைப்புகளும் ஓடுகின்றன. வெடிமருந்தைப் பாதுகாப்பது என்றால் அறையைப் பாதுகாப்பது என்று எல்லாரும் நினைத்திருந்த காலம் அது. இங்கே அறை எவ்வளவு திண்மையாக இருந்தும் பயனில்லை, பொருள் அறையில் இல்லையே.

1915 ஜனவரி 24. வட கடலின் டாகர் பேங்க் பகுதி. ஜெர்மானியத் தளபதி ஹிப்பரின் அணியில் செய்ட்லிட்ஸ், மோல்ட்கே, டெர்ஃப்லிங்கர், கடைசியாக ப்ளூஷர். பிரிட்டிஷ் தளபதி பீட்டியின் ஐந்து போர்க் குரூசர்கள் (இன்வின்சிபிளைப் போலப் பெரிய பீரங்கி ஏந்தியவை) துரத்துகின்றன. ஜெர்மானியச் செய்திகளை பிரிட்டன் முன்பே படித்துவிட்டிருந்தது. சோதனை ஓட்டத்தில் 25 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) தாண்டிய கப்பல்தான் ப்ளூஷர் என்றாலும் அன்றைக்கு அதை விட்டுவிடாமல் ஓட வேண்டுமானால் அணி முழுவதும் சுமார் 23 நாட்டிலேயே ஓட வேண்டியிருந்தது. அது போதவில்லை. லயன், பிரின்ஸஸ் ராயல், டைகர் மூன்றிலும் 34.3 செ.மீ. பீரங்கிகள். லயனின் ஒரு குண்டு 567 கிலோ. ப்ளூஷரின் குண்டைப்போல் ஐந்து மடங்கு.

பிரின்ஸஸ் ராயல் எய்த குண்டு மேலிருந்து தளத்தைத் துளைத்து நேராக அந்த வழிக்குள் இறங்கியது. முப்பத்தைந்திலிருந்து நாற்பது பொதிகள் தீப்பிடித்தன. தீ வழி நெடுக ஓடி முன்பக்கத்துக் கூண்டுகள் இரண்டையும் ஆட்களோடு எரித்தது. நீராவிக் குழாய் பழுதானது. சுக்கான், என்ஜின் கட்டளைக் கருவி, சுடும் கட்டுப்பாடு எல்லாம் போயின. வேகம் 17 நாட்டுக்கு விழுந்தது.

அதன் பிறகு நடந்தது வேட்டை. லயன் அடிபட்டு விலகியபோது ஏற்றிய சைகைக் கொடிகளை மற்றக் கப்பல்கள் தவறாகப் படித்து, தப்பிக்கும் மூன்றையும் விட்டுவிட்டு ப்ளூஷர் ஒன்றையே சூழ்ந்துகொண்டன. எழுபதுக்கும் மேற்பட்ட குண்டுகள், ஏழு டார்பிடோக்கள் என்று கணக்கிடுகிறார்கள். கப்பல் நண்பகல் வாக்கில்தான் கவிழ்ந்தது. இவ்வளவையும் தாங்கி அத்தனை நேரம் மிதந்தது அதை வரைந்தவர்களுக்குச் சேர வேண்டிய பெருமை. உட்பிரிவுகள் அவ்வளவு நன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தன. சாய்ந்த உடலின்மேல் நூற்றுக்கணக்கானோர் ஏறி நிற்கும் புகைப்படம் உலகம் முழுவதும் போயிற்று. எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீரில் கிடந்தவர்களை பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்கள் தூக்கிக்கொண்டிருந்தபோது ஜெர்மானிய செப்பலின் வான்கப்பல் எல்-5-உம் ஒரு கடல் விமானமும் வந்து குண்டு போட்டன. மூழ்கியது பிரிட்டிஷ் கப்பல் என்று நினைத்துவிட்டார்கள். மீட்பு நின்றுபோயிற்று.

ப்ளூஷரைக் கடைசியாக முடிக்க அனுப்பப்பட்ட கப்பல் இன்டாமிட்டபிள். இன்வின்சிபிள் வகையின் மூன்று கப்பல்களில் ஒன்று. எந்த வகைக் கப்பலுக்குப் பதிலடியாக ப்ளூஷர் வரையப்பட்டதோ, அதே வகைக் கப்பல்.

கட்டத் தாளில்

இனி என் வரைபடம். எடை 15,800 டன், நீளம் 162 மீட்டர், அகலம் 24.5 மீட்டர். 21 செ.மீ. பீரங்கியையும் வைத்துக்கொள்கிறேன். உளவுத் தவறை நான் திருத்தக்கூடாது. தெரியாததைத் தெரிந்ததாக வைத்து வரைந்தால் அது ஏமாற்று.

முதலில் பக்கத்துக் கூண்டுகள் நான்கையும் அழித்தேன். நடுக்கோட்டில் முன்னே இரண்டு, பின்னே இரண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று மற்றொன்றின் தலைக்கு மேலாகச் சுடும். பிற்காலத்து யோசனையல்ல இது. அமெரிக்காவின் சவுத் கரோலினா இதே அமைப்போடு 1906 டிசம்பரிலேயே கட்டுமானத்துக்கு வந்துவிட்டது. இப்போது என் கப்பலில் எட்டே பீரங்கிகள். எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டும் சுடும். ஒரு பக்க வீச்சு அதே 864 கிலோ. பீரங்கிக்கு 85 குண்டு என்ற அசல் கணக்கில் 1,020 குண்டுகள் 680 ஆகின்றன. குண்டில் மட்டும் சுமார் 37 டன் மிச்சம். கூண்டுகள் இரண்டும் அவற்றின் கீழே இறங்கும் கவசக் குழாய்களும் அதற்கு மேல்.

இங்கே ஜெர்மானியர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மறுபக்கம் நிற்கும் நான்கு பீரங்கிகளை அவர்கள் கையிருப்பாகக் கருதினார்கள். ஒரு பக்கம் அடிபட்டால் திரும்பிக்கொண்டு மறுபக்கத்தால் சுடலாம். அதைவிட முக்கியமான காரணம் என்ஜின். ப்ளூஷரில் இருந்தவை செங்குத்தான மும்மடி விரிவு நீராவி என்ஜின்கள் மூன்று. உயரமான, நீளமான இயந்திரங்கள். அவை நடுக்கோட்டில் உட்கார்ந்துவிட்டால் கூண்டுக்கும் அதன் கீழ் அறைக்கும் இடம் பக்கங்களில்தான் கிடைக்கும். அறுகோணம் பிறந்தது அழகுக்காக அல்ல.

நான் என்ஜினைத் தொட்டது இதனால்தான். 1905-லேயே ஜெர்மானியக் கடற்படை லூபெக் என்ற சிறிய குரூசரில் பார்சன்ஸ் டர்பைனை (நீராவியால் நேராகச் சுழலும் என்ஜின்) பொருத்திச் சோதித்துக்கொண்டிருந்தது. டர்பைன் தாழ்வாக உட்காரும், அதிராது, மணிக்கணக்கில் முழு வேகத்தைத் தாங்கும். மெதுவாக ஓடும்போது நிலக்கரியை அதிகம் தின்னும். வட கடலில் ஓட வேண்டிய கப்பலுக்கு அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன். சிறிய கப்பலில் பார்த்ததை 15,000 டன் கப்பலுக்குத் தூக்கிக்கொண்டுபோவதில் உள்ள துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் நானாக இருந்தால் அன்று இரவு தூங்கியிருக்க மாட்டேன்.

அடுத்து வந்தது நான் எதிர்பார்க்காத தொல்லை. நான்கு கூண்டுகளையும் இரு முனைகளுக்குத் தள்ளியதும், கப்பலின் உடல் குறுகும் இடத்தில் பாரம் ஏறிவிட்டது. முனைகளில் பாரம் கூடினால் கப்பல் அலையில் மூக்கைக் குத்தும். அதைத் தாங்க முனைகளைப் பருமனாக்க வேண்டும், பருமனாக்கினால் வேகம் குறையும். மூன்று முறை அழித்து வரைந்தேன். கடைசியில் முன் ஜோடியைப் பின்னுக்கும் பின் ஜோடியை முன்னுக்கும் சில மீட்டர் நகர்த்தி, கொதிகலன் அறைகளை நெருக்கி வைத்துச் சமாளித்தேன். கொதிகலனின் எண்ணிக்கையைக் கூட்ட இடமே இல்லாமல் போயிற்று. வேகத்துக்கான திறன் வேகத்தின் மும்மடியில் ஏறும் என்பதால் 25-லிருந்து 27 நாட்டுக்குப் போக நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் திறன் தேவை. அது என் கப்பலுக்குள் நுழையாது. 25-லேயே நின்றேன். அந்த 25-ஐ நாள் முழுவதும் ஓட முடியும் என்பது மட்டுமே நான் பெற்ற லாபம்.

மிச்சமான எடையை எங்கே போடுவது? கை முதலில் பக்கக் கவசத்துக்குத்தான் போயிற்று. ப்ளூஷரில் அது நடுவே 180 மி.மீ. நூறு மீட்டர் நீளம், நாலரை மீட்டர் உயரம், இரண்டு பக்கம் என்று வைத்தால் 900 சதுர மீட்டர். ஒவ்வொரு 10 மி.மீ. கூடுதலுக்கும் சுமார் 70 டன். 140 டன் கொடுத்து 200 மி.மீ. ஆக்கலாம். ஆக்கி என்ன பயன்? 386 கிலோ குண்டை 180 நிறுத்தாதென்றால் 200-உம் நிறுத்தாது. கை வைத்ததை எடுத்துவிட்டேன்.

தளத்துக்கு வந்தேன். ப்ளூஷரின் தளக் கவசம் 50 முதல் 70 மி.மீ. தொலைவிலிருந்து வரும் குண்டு பக்கத்தில் மோதாது, மேலிருந்து விழும். கப்பல் முழுவதும் தளத்தைத் தடிப்பாக்கினால் எடை எங்கோ போய்விடும். ஆனால் என் வரைபடத்தில் வெடிமருந்து முழுவதும் இரண்டே இடங்களில் இருக்கிறது. ஒவ்வொன்றும் இருபது மீட்டருக்குப் பதினெட்டு மீட்டர். இரண்டும் சேர்ந்து 720 சதுர மீட்டர். அவற்றுக்கு மேல் மட்டும் 20 மி.மீ. கூடுதல் தகடு போட 113 டன். அவ்வளவுதான். தண்டவாளம் இல்லை, நீண்ட வழி இல்லை. அறையிலிருந்து கூண்டுக்கு நேர் மேலே ஒரு தூக்கி. கூண்டுகளை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தது வீச்சுக்காக என்றுதான் தொடங்கினேன். இந்த 113 டன் கணக்கு வந்தபோதுதான் அதன் உண்மையான பயன் எனக்கே புரிந்தது.

நேர் மேலே தூக்கி இருந்தால் தீ ஓடாது என்று சொல்ல வரவில்லை. அதே நாளில் செய்ட்லிட்ஸின் பின்பக்கத்துக் கூண்டுகள் இரண்டும் எரிந்து 159 பேர் மாண்டார்கள். வில்ஹெல்ம் ஹைட்காம்ப் என்ற மாலுமி பழுக்கக் காய்ந்த வால்வுகளைக் கையால் திருகி வெடிமருந்து அறைகளில் நீரை விட்டதால் கப்பல் பிழைத்தது. அதன் பிறகே ஜெர்மானியர் பொதிகளை அறைக்கு வெளியே குவிக்கும் வழக்கத்தைக் கடுமையாகக் குறைத்தார்கள். பிரிட்டிஷாரின் இன்வின்சிபிள் 1916 மே 31 ஜட்லாண்ட் கடற்போரில் நடுவில் வெடித்து இரண்டானது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பிழைத்தவர்கள் ஆறு பேர்.

என் கப்பலை டாகர் பேங்கில் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்காமல் இந்த ஆய்வை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பிரின்ஸஸ் ராயலின் அதே குண்டு அதே இடத்தில் விழுந்தால் அங்கே மருந்துப் பொதி இருக்காது. கொதிகலன் அறை இருக்கும். நீராவியில் வெந்து பலர் இறப்பார்கள். வேகம் குறையும், ஒருவேளை 17-க்கு அல்ல, 20-க்கு. எட்டுப் பீரங்கிகளும் சுட்டுக்கொண்டிருக்கும். 34.3 செ.மீ. பீரங்கிக்கு எதிரே அதற்குப் பெரிய மதிப்பு இல்லை.

28 செ.மீ. பீரங்கி வைத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு விடை வான் டெர் டன். உண்மை தெரிந்த பிறகு வரைந்து, ப்ளூஷருக்குப் பதின்மூன்று மாதம் கழித்துக் கட்டத் தொடங்கிய ஜெர்மானியப் போர்க் குரூசர். 19,370 டன், டர்பைன், எட்டு 28 செ.மீ. பீரங்கிகள், 250 மி.மீ. பக்கக் கவசம், 3.65 கோடி மார்க். ப்ளூஷரின் ஒவ்வொரு குறைக்கும் அதில் பதில் இருந்தது. 1915 ஜனவரியில் அது பழுதுபார்ப்புக்காக உலர்தளத்தில் நின்றதால் ஹிப்பரின் அணியில் ஒரு கப்பல் குறைந்தது. அந்த இடத்தை நிரப்பத்தான் ப்ளூஷரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் தாளில் இருக்கும் கப்பலையும் அந்தக் காலையில் அதே இடத்துக்குத்தான் கூப்பிட்டிருப்பார்கள், வரிசையின் கடைசிக்கு.